அத்தையின் நாலாயிரம் ரூபாய் எங்கே போனது?
ரூபே கார்டின் பின்னால் இயங்கும் கம்ப்யூட்டர் வலையமைப்பு

"ஏன்டா தம்பி, கம்ப்யூட்டருக்குத்தானே படிச்சே? என் நாலாயிரம் ரூபா எங்கடா போச்சு?"

ஒரு திங்கட்கிழமை இரவு என் அத்தையிடமிருந்து வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள மீனவர் ஊர். புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தைத் தாண்டி வரும். அத்தை மீன் வியாபாரம் செய்பவர். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்காக, கோட்டக்குப்பம் பக்கம் உள்ள ஒரு ஏடிஎம்மில் 4,000 ரூபாய் எடுக்கப் போயிருக்கிறார். கார்டைச் செருகி, பின் நம்பரை அழுத்தி, தொகையும் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. இயந்திரம் அணைந்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி உயிர் பெற்று, கார்டை மட்டும் திருப்பித் தந்தது. பணம் வரவில்லை. ரசீதும் வரவில்லை. ஆனால் கணக்கில் 4,000 ரூபாய் கழிக்கப்பட்டதாக மொபைலுக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

"மிஷினு காச முழுங்கிடுச்சிடா" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு மணி நேரம் அந்த ஏடிஎம் வாசலிலேயே நின்றிருக்கிறார், பின்னால் வருபவர் யாராவது தன் பணத்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்.

வங்கிகளுக்கான மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் நான் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அன்று அத்தைக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வங்கிக் கணக்கைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்கும் இது பயன்படும்.

கார்டில் பணம் இல்லை

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஏடிஎம்மில் நீங்கள் கார்டைப் போடும்போது உங்கள் பணம் எங்கிருந்தும் எங்கும் பயணம் செய்வதில்லை. பயணம் செய்வது செய்தி மட்டுமே. "இந்தக் கார்டுக்காரருக்கு 4,000 ரூபாய் கொடுக்கலாமா?" என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கிறது. "கொடுக்கலாம், கணக்கில் கழித்துக்கொண்டேன்" என்று இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை நம்பி, ஏடிஎம் தன் பெட்டியில் உள்ள நோட்டுகளைக் கொடுக்கிறது. அந்த நோட்டுகள் ஏடிஎம் வைத்திருக்கும் வங்கி நிரப்பியவை. உங்கள் வங்கி அந்தத் தொகையை அதற்குப் பின்னர்தான் தருகிறது.

இதில் நான்கு பேர் சம்பந்தப்படுகிறார்கள்.

1. கார்டு வைத்திருக்கும் நீங்கள்.
2. உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. இதை இஷ்யூயர் என்பார்கள்.
3. ஏடிஎம் அல்லது கடையில் உள்ள ஸ்வைப்பிங் மெஷினுக்குப் பொறுப்பான வங்கி. இது அக்வயரர்.
4. இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் நின்று செய்தியை வாங்கிக் கொடுக்கும் ஸ்விட்ச்.

கார்டும் ஏடிஎம்மும் ஒரே வங்கியுடையதாக இருந்தால் நான்காவது ஆளுக்கு வேலையில்லை. அந்த வங்கியின் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் முடித்துவிடும். அத்தையின் கணக்கு ஒரு வங்கியில், அவர் போன ஏடிஎம் வேறொரு வங்கியுடையது. அதனால் நடுவில் ஸ்விட்ச் வந்தது.

இந்த ஸ்விட்ச் எப்படி வந்தது?

ஆரம்பத்தில் ஒரு வங்கியின் கார்டு அந்த வங்கியின் ஏடிஎம்மில் மட்டுமே வேலை செய்தது. 1997-ல் இந்திய வங்கிகள் சங்கம் மும்பையில் 'ஸ்வதன்' என்ற பொது ஏடிஎம் இணைப்பைத் தொடங்கியது. அது நீடிக்கவில்லை. பிறகு ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற ஆய்வு நிறுவனம், 2004 ஆகஸ்டில் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்சை இயக்கத் தொடங்கியது. சுருக்கமாக என்எஃப்எஸ். முதலில் சேர்ந்தவை கார்ப்பரேஷன் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, ஐசிஐசிஐ வங்கி ஆகிய மூன்றே மூன்று.

2007-ல் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் வந்தது. அதன்படி ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முயற்சி எடுத்து 2008 டிசம்பரில் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, அதாவது என்பிசிஐ, பதிவு செய்யப்பட்டது. தலைமையகம் மும்பை. இது அரசுத் துறை அல்ல. லாப நோக்கில்லாத நிறுவனம். 10 வங்கிகள் சேர்ந்து தொடங்கின. 2016-ல் பங்குகள் விரிவாக்கப்பட்டு 56 வங்கிகள் பங்குதாரர்கள் ஆயின. 2009 டிசம்பரில் என்எஃப்எஸ் ஸ்விட்ச் என்பிசிஐ வசம் வந்தது.

2012 மார்ச்சில் என்பிசிஐ தன் சொந்தக் கார்டு திட்டமான ரூபேயைத் தொடங்கியது. ருபீ, பேமென்ட் என்ற இரண்டு சொற்களின் கலவைதான் ரூபே. 2014 மே 8-ம் தேதி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல் ஜன்தன் திட்டம் தொடங்கியபோது, புதிதாகக் கணக்கு தொடங்கியவர்களுக்கு ரூபே டெபிட் கார்டு கொடுக்கப்பட்டது. அத்தையின் கார்டும் அப்படி வந்ததுதான்.

விசா, மாஸ்டர்கார்டு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, செலவு. கிராம வங்கிகள், கூட்டுறவு வங்கிகள் போன்ற சிறிய வங்கிகளுக்கு வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டணம் கட்டுப்படியாகாது. இரண்டாவது, பாதுகாப்பு. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. ஆனாலும் ரஷ்ய வங்கிகள் கொடுத்திருந்த கார்டுகள் அந்த நாட்டுக்குள் தொடர்ந்து வேலை செய்தன. காரணம், 2014-ல் ரஷ்யா தனக்கென்று ஒரு தேசிய ஸ்விட்சை ஏற்படுத்தி, உள்நாட்டுப் பரிமாற்றங்களை அதன் வழியே திருப்பிவிட்டிருந்தது. சந்தைக்குப் போகும் பாதை அடுத்தவர் தோட்டத்து வழியாகப் போனால், அவர் படலைச் சாத்தும் நாளில் நாம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

கார்டு எண்ணில் என்ன இருக்கிறது?

உங்கள் கார்டில் உள்ள 16 இலக்க எண் வெறும் வரிசை எண் அல்ல. முதலில் உள்ள 6 இலக்கங்கள் கார்டைக் கொடுத்த வங்கியைக் குறிக்கும். இந்தப் பகுதி இப்போது 8 இலக்கமாக நீட்டப்பட்டு வருகிறது. விசா கார்டு 4-ல் தொடங்கும். மாஸ்டர்கார்டு 5 அல்லது 2-ல் தொடங்கும். ரூபே கார்டுகள் 60, 65, 81, 82, 508 போன்ற எண்களில் தொடங்கும். கடிதத்தில் உள்ள பின்கோடைப் பார்த்து எந்த ஊர்ப் பையில் போடுவது என்று தபால் அலுவலகத்தில் பிரிப்பார்கள் அல்லவா? அதே வேலையை ஸ்விட்ச் இந்த இலக்கங்களைப் பார்த்துச் செய்கிறது.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1950-களில் கண்டுபிடித்த கணக்கு இது. தாளும் பென்சிலும் போதும், நீங்களே செய்து பார்க்கலாம். எண் பெரிதாக இருந்தால் குழப்பும் என்பதால் 67835 என்ற சிறிய எண்ணை எடுத்துக்கொள்வோம்.

வலமிருந்து தொடங்குங்கள். முதல் இலக்கத்தை அப்படியே விடுங்கள், அடுத்ததை இரட்டிப்பாக்குங்கள், அதற்கடுத்ததை அப்படியே விடுங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செல்லுங்கள். இரட்டித்த விடை இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

5 அப்படியே 5. 3 இரட்டித்தால் 6. 8 அப்படியே 8. 7 இரட்டித்தால் 14, அதாவது 1+4=5. 6 அப்படியே 6. மொத்தம் 5+6+8+5+6=30. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, எனவே எண் சரி.

இப்போது அவசரத்தில் 7-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றி 68735 என்று டைப் செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 5+6+7+7+6=31. பத்தால் வகுபடாது. இணையத்தில் பொருள் வாங்கும்போது ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்த உடனேயே 'கார்டு எண் தவறு' என்று வருவது இதனால்தான். வங்கியைக் கேட்காமலேயே உங்கள் பிரவுசர் இந்தக் கணக்கைப் போட்டுக் கண்டுபிடித்துவிட முடியும். ஒரு எச்சரிக்கை: 'உங்கள் கார்டு எண்ணைச் சோதித்துத் தருகிறோம்' என்று சொல்லும் எந்த இணையதளத்திலும் உங்கள் எண்ணை டைப் செய்துவிடாதீர்கள்.

சில நொடிகளில் நடப்பது

இனி, பணம் எடுக்கும்போது நடப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. நீங்கள் தொகையைக் கொடுத்தவுடன் ஏடிஎம் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது அக்வயரர் வங்கியின் சர்வருக்குப் போகிறது.

2. 'இது நம் வங்கிக் கார்டு இல்லை' என்று பார்த்ததும் அந்த சர்வர் கோரிக்கையை என்எஃப்எஸ் ஸ்விட்சுக்குத் தள்ளிவிடுகிறது.

3. ஸ்விட்ச் கார்டு எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து, உரிய வங்கிக்கு அனுப்புகிறது.

4. உங்கள் வங்கி பின் நம்பர் சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா, அன்றைய வரம்பு மீதம் இருக்கிறதா என்று பார்க்கிறது. எல்லாம் சரி என்றால் கணக்கில் கழித்துவிட்டு, சம்மதம் என்று பதில் அனுப்புகிறது.

5. பதில் வந்த வழியே திரும்பிப் போகிறது. அது ஏடிஎம்மை அடைந்த பிறகுதான் நோட்டு எண்ணும் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது.

இத்தனை கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள ஒரு பொது மொழி வேண்டும். ஐஎஸ்ஓ 8583 என்ற சர்வதேசத் தரம்தான் அந்த மொழி. இது 1987-ல் முதலில் வெளியானது. இதில் ஒவ்வொரு செய்திக்கும் நான்கு இலக்கத் தலைப்பு உண்டு. 0200 என்றால் 'பணம் கொடுக்கலாமா?' 0210 என்றால் அதற்கான பதில். 0420 என்றால் 'முன்பு கேட்டதை ரத்து செய்துவிடு'. இந்த 0420-ஐ நினைவில் வையுங்கள், அத்தையின் கதையில் இது மறுபடி வரும்.

தலைப்புக்குப் பிறகு கட்டங்கள் வரும். இரண்டாவது கட்டத்தில் கார்டு எண். நான்காவது கட்டத்தில் தொகை. தொகையைப் பைசாவில், 12 இலக்கமாக எழுத வேண்டும் என்பதால் 4,000 ரூபாய் என்பது 000000400000 என்று போகும். 37-வது கட்டத்தில் 12 இடங்கள் கொண்ட ரெஃபரன்ஸ் நம்பர். 39-வது கட்டத்தில் பதில். 00 என்று வந்தால் சம்மதம். 51 என்றால் கணக்கில் பணம் போதாது. 54 என்றால் கார்டு காலாவதி. 55 என்றால் பின் நம்பர் தவறு. 91 என்றால் உங்கள் வங்கியின் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை. ரசீதில் இந்த எண் அச்சாகியிருந்தால், கோளாறு யார் பக்கம் என்று நீங்களே ஓரளவு ஊகித்துவிடலாம்.

பின் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

யாரும் பார்ப்பதில்லை என்பதே பதில். நீங்கள் அழுத்தும் எண்கள் ஏடிஎம்மின் கீபேடுக்குள்ளேயே சங்கேதமாக மாற்றப்பட்டுவிடுகின்றன. வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் இதற்கென்றே தனியாகப் பூட்டப்பட்ட ஒரு கருவி இருக்கும். ஒரு சங்கேதத்திலிருந்து அடுத்த சங்கேதத்துக்கு மாற்றும் வேலை அந்தக் கருவிக்குள்ளேயே நடந்துவிடும். என்னைப் போல இந்த மென்பொருளை எழுதுபவர்கள் நினைத்தாலும் உங்கள் பின் நம்பரைப் பார்க்க முடியாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வங்கிக்கே தேவைப்படாத ஒன்றை, 'வங்கியிலிருந்து பேசுகிறேன், பின் நம்பர் சொல்லுங்கள்' என்று ஒருவர் போனில் கேட்டால், அவர் வங்கியிலிருந்து பேசவில்லை என்பது நிச்சயம்.

அத்தைக்கு நடந்தது என்ன?

அத்தையின் கோரிக்கை ஒழுங்காகப் போனது. அவருடைய வங்கி 4,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 00 என்று பதிலும் அனுப்பியது. மொபைலில் எஸ்எம்எஸ் வந்தது அந்த நொடியில்தான். நோட்டை எண்ணி வெளியே தள்ளுவதற்கு முன் ஏடிஎம்மில் கரண்ட் போய்விட்டது.

இப்படிப் பணம் கொடுக்க முடியாமல் போனால் ஏடிஎம் தரப்பிலிருந்து 0420 செய்தி போக வேண்டும். அது போயிருந்தால் அத்தையின் கணக்கில் உடனே பணம் திரும்ப ஏறியிருக்கும். நாம் பெரும்பாலும் கவனிக்காமலே நடந்து முடியும் சமாச்சாரம் இது. ஆனால் இயந்திரமே அணைந்துவிட்டதால் அன்று அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அத்தையின் வங்கியைப் பொறுத்தவரை அவர் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்படியானால் பணம் எங்கே? நான் அத்தையிடம் சொன்னேன்: "மிஷின் முழுங்கல அத்தை. உங்க நாலாயிரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே நோட்டா இருக்கு. யாரும் எடுக்க முடியாது."

ஏடிஎம்முக்குள் நோட்டுப் பெட்டிகள் இருக்கும். எத்தனை நோட்டு வைத்தோம், எத்தனை வெளியே போனது என்ற கணக்கு ஒருபுறம். நடந்ததை நொடிக்கு நொடி எழுதிவைக்கும் எலெக்ட்ரானிக் ஜர்னல் என்ற பதிவு இன்னொருபுறம். பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கும்போது கணக்கைவிட 4,000 ரூபாய் அதிகமாக இருக்கும். ஜர்னலில் அந்த நேரத்துக்கு நேரே நோட்டு வெளியே போனதற்கான பதிவு இருக்காது. ஸ்விட்சிலிருந்து வரும் அன்றைய பட்டியலிலோ அந்தப் பரிமாற்றம் வெற்றி என்று இருக்கும். மூன்றையும் ஒப்பிட்டால் தவறு தானாக வெளியே வந்துவிடும். வங்கிகளில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

பணம் எப்போது கை மாறுகிறது?

வங்கிகள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் என்பிசிஐ குறிப்பிட்ட நேரம் வரை நடந்த எல்லாவற்றையும் சேர்த்து, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நிகரக் கணக்குப் போடுகிறது.

ஒரு எளிய உதாரணம். அ வங்கி ஆ வங்கிக்கு 10 லட்சம் தர வேண்டும். ஆ வங்கி இ வங்கிக்கு 6 லட்சம் தர வேண்டும். இ வங்கி அ வங்கிக்கு 7 லட்சம் தர வேண்டும். மொத்தம் 23 லட்சம். கழித்துப் பார்த்தால் அ வங்கி 3 லட்சம் தர வேண்டும், இ வங்கி 1 லட்சம் தர வேண்டும், ஆ வங்கிக்கு 4 லட்சம் வர வேண்டும். 23 லட்சம் ரூபாய்க் கணக்கை 4 லட்சத்தை மட்டும் நகர்த்தித் தீர்த்துவிடலாம். வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்கும் கணக்குகளில்தான் இந்த வரவு செலவு எழுதப்படுகிறது. பணம் நிஜமாகக் கை மாறுவது இங்கேதான்.

அத்தையின் 4,000 ரூபாயும் இந்தக் கணக்கில் சேர்ந்து, ஏடிஎம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கொடுக்காத நோட்டுக்கு வாங்கிய காசு அது. தவறு தெரிந்ததும் அந்த வங்கி இதே வழியில் அத்தையின் வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும்.

செலவை யார் ஏற்கிறார்கள்?

வேறு வங்கி ஏடிஎம்மில் நீங்கள் பணம் எடுத்தால், உங்கள் வங்கி அந்த ஏடிஎம் வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறது. 2025 மே 1 முதல் இது 19 ரூபாய். இலவச எண்ணிக்கை முடியும்வரை இதை உங்களிடம் கேட்க மாட்டார்கள். மற்ற வங்கி ஏடிஎம்களில் சென்னை போன்ற பெருநகரங்களில் மாதம் 3 முறையும், மற்ற ஊர்களில் 5 முறையும் இலவசம். அதற்கு மேல் போனால் ஒரு முறைக்கு அதிகபட்சம் 23 ரூபாயும் வரியும் வசூலிக்கலாம்.

கடையில் ரூபே டெபிட் கார்டைப் பயன்படுத்தினால் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் உள்ள விதி. ஆனால் சர்வரும் லைனும் சும்மா ஓடாது. அதனால் மத்திய அரசு வங்கிகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. ரூபே டெபிட் கார்டுக்கும் சிறு தொகை பீம்-யுபிஐக்கும் சேர்த்து 2022-23-ம் ஆண்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட தொகை 2,600 கோடி ரூபாய். 'கார்டுக்கு 2 பர்சன்ட் எக்ஸ்ட்ரா' என்று ஒரு கடையில் சொன்னால், ரூபே டெபிட் கார்டைக் காட்டி, இதற்குக் கிடையாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஐந்து நாள் விதி

அத்தை மறுநாள் காலையில் அந்த ஏடிஎம் வங்கிக்கு ஓடினார். "உங்க பேங்க்ல போய்ச் சொல்லுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றமாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான். கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும், ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கணக்கில் பணம் கழிக்கப்பட்டு ஏடிஎம்மில் பணம் வராவிட்டால், பரிமாற்றம் நடந்த நாளை விட்டு 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். இதில் ஞாயிறும் விடுமுறையும் கழிவு கிடையாது. தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

அத்தை மகள் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தாள். போனில் நான் சொல்லச் சொல்ல, வங்கியின் இணையதளத்தில் அவளே புகாரைப் பதிவு செய்தாள். எஸ்எம்எஸ்ஸில் இருந்த தேதி, நேரம், தொகை, ரெஃபரன்ஸ் நம்பர், ஏடிஎம் இருந்த இடம். அவ்வளவுதான். ரசீது இல்லையே என்று பயந்தாள். தேவையில்லை, ரெஃபரன்ஸ் நம்பர் ஒன்று போதும், அதை வைத்து மூன்று இடங்களிலும் தேட முடியும் என்றேன். கல்லூரிக் கட்டணத்துக்கு அத்தை அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிக் கட்டினார்.

திங்கட்கிழமை நடந்தது. சனிக்கிழமைக்குள் பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் 4,000 ரூபாய் கணக்கில் ஏறியது. ஏடிஎம்மில் எண்ணியபோது 4,000 ரூபாய் அதிகம் இருந்தது என்று பதிலும் வந்தது. ஆனால் மூன்று நாள் தாமதத்துக்கான 300 ரூபாய் வரவில்லை. "போவுதுடா, கெடச்சதே பெரிசு" என்றார் அத்தை. மகள் விடவில்லை. ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு மூன்று வரியில் ஒரு மெயில் அனுப்பினாள். அடுத்த வாரம் அந்த 300 ரூபாயும் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கணக்கில் உங்கள் மொபைல் எண் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்தான் உங்கள் முதல் சாட்சி. அதை அழித்துவிடாதீர்கள்.

2. பணம் வராமல் கழிக்கப்பட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் ஒட்டியிருக்கும் அதன் எண்ணை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே காத்திருக்க வேண்டியதில்லை.

3. உங்கள் வங்கியில் எழுத்து மூலம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியின் போன் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள்.

4. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

5. யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டதாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். ஒரு நிமிடமும் காத்திருக்காமல் கார்டை பிளாக் செய்யச் சொல்லிவிட்டு, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

6. ஜன்தன் ரூபே கார்டுடன் விபத்துக் காப்பீடு உண்டு. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம், அதற்கு முந்தையவற்றுக்கு 1 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடலுக்குப் போகும் வீடுகளில் இந்தக் கார்டு டிரங்குப் பெட்டியில் தூங்கினால் பயனில்லை. இப்போதுள்ள விதிகளை உங்கள் வங்கிக் கிளையில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் தவறு செய்தால் யாரிடம் போய்க் கேட்பது என்ற பயம் அத்தையைப் போன்ற பலருக்கும் இருக்கிறது. மேலே சொன்னபடி, நடந்த ஒவ்வொன்றும் மூன்று நான்கு இடங்களில் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. நம்மிடம் ஒரு நம்பரும் தேதியும் இருந்தால் போதும், கேட்கலாம்.

இப்போது அத்தை ஏடிஎம்முக்குப் போனால் ரசீதை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காசு வரலன்னா அங்கியே நிக்காத. நம்பர எடுத்துக்கினு நம்ம பேங்குக்குப் போ. அஞ்சு நாளு. அதுக்கு மேல ஆச்சுன்னா ஒரு நாளைக்கு நூறு ரூபா கேளு."